இரண்டாவது கேபிள்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். லோடு ஏற்றுகிறவர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாசல் காவலாளி, குழாய்களையும் வால்வுகளையும் பார்க்கும், அவளைவிட எவ்வளவோ மூத்த ஃபிட்டர்கூட. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவளுடைய கணவனின் தங்கை. முதல் நாள் லேப்டாப் பையோடு வாசலில் வந்து நின்றவளை அந்த நாத்தனார், "அண்ணி, இந்தப் பக்கம் வாங்க" என்று தளம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். அதோடு ஒட்டிக்கொண்டது. மேனேஜர் மட்டும் மேடம் என்பார். கோபம் வந்தால் அதுவும் இல்லை.

கூப்பிட்ட விதத்தைப் பார்த்து இரண்டு பேரும் உயிருக்கு உயிர் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பு. நாத்தனாரைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "அவ வேலையை விடமாட்டா, யாருக்கும் அடங்கியும் போகமாட்டா" என்று அண்ணி பட்டென்று சொல்லிவிட்டிருந்தாள். போனவர்கள் போனவர்கள்தான். அந்த மாப்பிள்ளையை நாத்தனாருக்கும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். "எனக்காக நீங்க ஏன் பேசணும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு "சாப்டீங்களா", "சாப்டேன்" என்ற அளவில் நின்றுபோனது. ஆனாலும் வாயுக் கசிவைக் கண்காணிக்கப் புரோகிராம் எழுத ஆள் தேடியபோது அவள்தான் அண்ணியைச் சொன்னாள். "ஆளைப் பிடிக்காது சார். வேலை சுத்தமா இருக்கும்" என்று மேனேஜரிடம் அவள் சொன்னது, காவலாளி வழியாக அண்ணியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

கிடங்கைக் குளிரவைப்பது அம்மோனியா. பழம், மீன், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறைகளின் தலைக்கும் தகரக் கூரைக்கும் நடுவே, குனிந்து மட்டுமே நடக்கக்கூடிய ஒரு நீண்ட மேல்தளம் இருந்தது. குழாய்கள் எல்லாம் அதில்தான் ஓடின. எங்காவது கசிந்தால் அந்த வாயு சட்டென்று கீழே இறங்காது, மேலேயே தேங்கும். கீழே நிற்பவர்களின் மூக்கில் ஏறுவதற்குள் மேலே இருப்பவனுக்குக் கண் போயிருக்கும். அதனால் மேல்தளம் நெடுகச் சென்சார்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள அளவை விடாமல் நெட்வொர்க் வழியாக கண்ட்ரோல் ரூம் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அண்ணியின் புரோகிராம் அதை வாங்கி, அங்கிருந்த திரையிலும் மெஷின் ரூம் சுவரில் இருந்த திரையிலும் காட்டும். அளவு மீறினால் சைரனை அலறவிடும். மேலே ஏறுவதற்கு முன் ஃபிட்டர் திரையைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பச்சை என்றால் சாதாரண முகமூடி போதும். மஞ்சளோ சிவப்போ என்றால் காற்று சிலிண்டர் மாட்டாமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது.

மாதக்கணக்காக அது ஒழுங்காக ஓடியது. பிறகு மேனேஜருக்குத் தன் அறையில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அன்று காலை அலுவலகத்தின் நெட்வொர்க்காரர் வந்து சர்வரில் இரண்டாவதாக ஒரு கேபிளைச் செருகிவிட்டு, வேறு எங்கோ வேலை இருப்பதாகச் சொல்லிப் பறந்தார். சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டியிருந்தது. அண்ணி வந்து கிளப்பினாள். திரை நிறையப் பச்சை. மேனேஜரின் அறையிலும் பச்சை. "சூப்பர் மேடம்" என்று அவர் போன் செய்து சொன்னார்.

அவள் டீயை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குடிக்கக் குடிக்க ஏதோ உறுத்தியது. கிழக்கு ஓரத்துச் சென்சார் நாலு என்றது. பக்கத்தில் இருந்தது ஆறு என்றது. டீ பாதி குறைந்தபோதும் நாலு, ஆறு. கோப்பை காலியானபோதும் நாலு, ஆறு. உயிரோடு இருக்கும் சென்சார் அப்படி நிற்காது. நாலு ஐந்தாகும், மறுபடி நாலாகும். சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

கோப்பையை வைத்துவிட்டு, புரோகிராம் எந்த முகவரியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சர்வரிடமே கேட்டாள். வந்த பதிலை இரண்டு முறை படித்தாள்.

வெளியிலிருந்து வருவதை வாங்க நினைக்கும் எந்தப் புரோகிராமும் முதலில் ஒரு சாக்கெட்டைத் திறக்க வேண்டும். பிறகு அதை மெஷினின் ஒரு முகவரியோடு கட்ட வேண்டும். 'இந்த முகவரிக்கு, இந்த போர்ட் எண்ணுக்கு வருவதெல்லாம் என்னுடையது' என்று சிஸ்டத்திடம் சொல்லிவைப்பது அது. சர்வரில் ஒரே கேபிள் இருந்த காலத்தில் ஒரே முகவரிதான். அதனால் அவள், 'மெஷினின் முதல் முகவரி எதுவோ அதோடு கட்டு' என்று எழுதியிருந்தாள். இன்று முகவரி இரண்டு. அலுவலக முகவரி முதலில் வந்து நின்றது. புரோகிராம் தன்னை அதோடு கட்டிக்கொண்டுவிட்டது. சென்சார்கள் எப்போதும்போலப் பழைய முகவரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே உரிமை சொல்லி உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை என்று சிஸ்டம் ஒவ்வொன்றையும் கீழே போட்டுக்கொண்டிருந்தது. திரையில் இருந்தவை, கிளப்பியவுடன் காலியாகத் தெரியக்கூடாதே என்று அவளே எடுத்துவைக்கச் சொல்லியிருந்த பழைய எண்கள்.

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. உடனே."

"என்ன அண்ணி, லீக்கா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

"திரையில இருக்கறது காலையில எடுத்த எண். இப்ப மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."

மறுமுனையில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "மருந்து லோடு அண்ணி. பாதி ஏத்தியாச்சு. கதவைத் திறந்து போட்டுட்டு ஆளை வெளிய அனுப்பினா சரக்கு கெட்டுடும். மேனேஜர் என்னை உயிரோட விடமாட்டார். நிச்சயமா ஏதாவது இருக்கா, சொல்லுங்க."

"நிச்சயமா சொல்ல முடியல. அதனாலதான் சொல்றேன்."

பெண் கேட்டு வந்தவர்களிடம் தன்னைக் கேட்காமல் முந்திக்கொண்டு பேசியதும் இதே குரல்தான் என்று நாத்தனார் நினைப்பாள் என்பது அண்ணிக்கு உறைத்தது. நம்பமாட்டாள் என்று நினைத்து மறுபடி வாயைத் திறப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. நாத்தனாரின் விசில். விட்டு விட்டு, நீளமாக. "போடு, அப்படியே போட்டுட்டு வெளிய வா! கேட்டுக்கு வா!"

மேனேஜர் கண்ட்ரோல் ரூமுக்குள் புயல் மாதிரி நுழைந்தார். "யாரைக் கேட்டு லோடிங்கை நிறுத்தினீங்க?"

"நான்தான் சார் சொன்னேன். இந்த எண்ணெல்லாம் பழசு."

"எல்லாம் பச்சையா இருக்கே!"

"பச்சையும் பழசு சார்."

"என் ரூம்லயும் பச்சைதான் காட்டுது."

"அங்க காட்டறதும் இதேதான் சார்."

அவர் ஏதோ சொல்லப் போனார். மேசைமேல் இருந்த போன் அடித்தது. அண்ணி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, ஃபிட்டரைக் காணோம்." நாத்தனாருக்கு மூச்சிரைத்தது. "தலை எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆள் குறையுது. வால்வுல ஐஸ் பிடிச்சிருக்குன்னு மேல ஏறியிருக்கார். திரையைப் பார்த்துட்டுத்தான் போனாராம். சாதா முகமூடியோட."

மேனேஜர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"எந்த ஏணி?" என்றாள் அண்ணி.

"யாரும் பார்க்கல. போன் போகல. கூரைத் தகரத்துக்கு நடுவுல சிக்னல் எங்க இருக்கு?"

மேல்தளத்துக்கு ஏற இரண்டே வழி. மெஷின் ரூமை ஒட்டிக் கிழக்கு ஏணி. லாரிகள் நிற்கும் பக்கம் மேற்கு ஏணி. நாத்தனார் கம்ப்ரஸரை நிறுத்தி மெயின் வால்வை மூடச் சொல்லிவிட்டு, கிழக்கு ஏணியின் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்திருந்தாள். கண் எரிந்தது. ஓடிப்போய் மேற்கு மூடியைத் தூக்கினாள். அங்கேயும் வாடை அடித்தது. கசிவு உண்மை. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. ரயில்வே கேட்டுல மாட்டியிருக்காங்களாம்," என்றாள். "சிலிண்டர் ஒண்ணுதான் ரொம்பி இருக்கு. போய்த் திரும்பறதுக்குள்ள தீர்ந்துடும், தடவித் தேடறதுக்கெல்லாம் காத்து போதாது. நான் ஏறறேன். கசிவு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு எதிர்ப்பக்கமா ஏறறேன்."

"நீ ஏறாதே, அவங்க வரட்டும்."

"அவர் மேல கிடக்கார் அண்ணி. எந்தப் பக்கம்?"

"இரு. லைன்லயே இரு."

அண்ணி கீபோர்டை இழுத்தாள். முகவரி தொடர்பான அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, மெஷினில் இருக்கும் எல்லா முகவரிகளோடும் கட்டு என்று எழுதினாள். எந்த வாசலில் வந்தாலும் கேட்டாக வேண்டும், யோசிக்க நேரமில்லை. ஓட்டினாள்.

முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்றது மெஷின்.

பழைய புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா முகவரியும் வேண்டும் என்றால், அதில் ஒன்றைக்கூட வேறு யாரும் அதே போர்ட்டில் பிடித்து வைத்திருக்கக்கூடாது. பழையதைக் கொன்றாள். மறுபடி ஓட்டினாள். முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது.

"அண்ணி?"

"ஒரு நிமிஷம்."

மறுபடி கொன்றாள். மறுபடி அதே பதில். அப்போதுதான் புத்தியில் பட்டது. புரோகிராம் என்றைக்காவது செத்து விழுந்தால் அந்தக் கணமே தூக்கி நிறுத்த ஒரு காவல் புரோகிராம் இருந்தது. அவள் கேட்டுத்தான் அதை வைத்தார்கள். அவள் கொல்லக் கொல்ல அது பழையதை எழுப்பி, அவளுடைய விரல் அடுத்த பட்டனுக்குப் போவதற்குள் முகவரியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த நிர்வாகி பாஸ்வேர்ட் வேண்டும். அடித்தாள். தவறு என்றது. காலையில் நெட்வொர்க்காரர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

"சார், அவருக்குப் போன் போடுங்க. பாஸ்வேர்ட் வேணும்."

மேனேஜர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை போட்டார். எடுக்கவில்லை. "அந்தக் கேபிளால வந்த வினைதானே இது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், இஸ்திரி போட்ட சட்டையோடு மேசைக்கு அடியில் நுழைந்தார். தூசியும் ஒயர்களுமாகக் கிடந்த இடத்தில் தவழ்ந்துபோய் புதிய கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். "புடுங்கிட்டேன்! இப்ப பாருங்க!"

அண்ணி பார்த்தாள். கேபிள் போய்விட்டது. ஆனால் அலுவலக முகவரி போகவில்லை. அதை மெஷினில் நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்கள். கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் இடத்தில் அதுவேதான். பழைய புரோகிராம் அதை விடாமல் கட்டிப்பிடித்திருந்தது.

"போகல சார்."

மேனேஜர் மேசைக்கு அடியில் இருந்தபடியே நெட்வொர்க்காரரின் நம்பரை மறுபடி அடித்தார்.

போனில் வேறு குரல் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். "அண்ணி, சூப்பர்வைசர் சிலிண்டரை மாட்டிட்டாங்க. இனிமே பேச முடியாது, போன் என்கிட்ட இருக்கு. ஐஸ் பிடிச்ச வால்வு கிழக்கால இருக்கு, ஃபிட்டரும் அங்கதான் இருப்பார், அந்த ஏணியிலயே ஏறறேன்னு சைகை காட்டறாங்க."

"நிக்கச் சொல்லுங்க!"

"கால் வச்சுட்டாங்க அண்ணி."

"நிக்கச் சொல்லுங்க அண்ணே! பிடிச்சு நிறுத்துங்க!"

அண்ணி மறுபடி கீபோர்டுக்குப் போனாள். தட்டிய எழுத்து தவறி விழுந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். பழையது எதைப் பிடித்திருக்கிறது? அலுவலக முகவரியை. அதை மட்டும்தான். அதனோடு ஏன் சண்டை போட வேண்டும்? எல்லா முகவரியும் யார் கேட்டார்கள்? சென்சார்கள் அனுப்பும் முகவரி காலையிலிருந்து காலியாகத்தானே கிடக்கிறது? அங்கே ஒருவரும் இல்லையே! எல்லாம் வேண்டும் என்று அவள்தான் பேராசைப்பட்டு முட்டிக்கொண்டிருக்கிறாள்.

வரியை அழித்தாள். சென்சார் நெட்வொர்க்கின் முகவரியை எண் எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். அந்த ஒன்றோடு மட்டும் கட்டு. ஓட்டினாள்.

மெஷின் எந்தக் குறையும் சொல்லவில்லை. திரையில் கட்டங்கள் காலியாக நின்றன. ஒரு மூச்சு. பிறகு மேற்கு ஓரத்துக் கட்டத்தில் ஒரு எண் விழுந்தது, மஞ்சள். அடுத்தது மஞ்சள். நடுவில் இருந்தது மஞ்சளும் சிவப்புமாக மாறி மாறி ஆடியது. கிழக்கே போகப் போகச் சிவப்பு. கிழக்கு ஏணிக்கு நேர் மேலே இருந்த சென்சார் அளக்க முடிந்த எல்லையைத் தொட்டு நின்றது. அதே நொடியில் கூரைமேல் சைரன் அலறியது.

"மேற்கு!" என்று கத்தினாள். சைரனில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கிழக்கு ஏணிக்கு மேலதான் கசியுது! அவங்களை இறக்குங்க! மேற்கால போகச் சொல்லுங்க!"

"இறங்கிட்டாங்க! ஓடறாங்க!"

பிறகு பேச்சு இல்லை. காலடி, சைரன், யாரோ இருமுவது. மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முழங்காலில் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைமுடியில் ஒட்டடை தொங்கியது. இருவரும் அதைத் தட்டிவிட நினைக்கவில்லை. நடுக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே வந்தது.

"மேல போயிட்டாங்க," என்றது போன். "லைட் தெரியுது... தூரமாப் போறாங்க."

"நடுவுல சிவப்பாகுது. அதைத் தாண்ட வேண்டாம்னு எப்படியாவது சொல்லுங்க. ஏணியைத் தட்டுங்க, லைட் காட்டுங்க!"

"லைட் நின்னுடுச்சு அண்ணி."

அண்ணி எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். போனில் ஏணியை ஏதோ இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தார். கட்டம் முழுச் சிவப்பானது.

"லைட் திரும்புது! வராங்க... இழுத்துட்டு வராங்க! கீழ பிடிங்கப்பா, காலைப் பிடிங்க!"

ஃபிட்டர் கிழக்கு ஏணி வழியாகத்தான் ஏறியிருந்தார். வால்வைத் தொடும் முன்பே அதன் கழுத்து பிளந்து முகத்தில் அடித்தது. கண் தெரியாமல், வாயுவுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பக்கமாகத் தவழ்ந்திருக்கிறார். பாதிவழியில் மூச்சு முட்டியதும் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு, முகத்தைத் தரையோடு அழுத்திப் படுத்துவிட்டார். தரைமட்டத்தில் கொஞ்சம் காற்று இருந்தது. அதுதான் உயிரைப் பிடித்து வைத்தது. நாத்தனார் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஏணியில் இறங்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கடைசிப் படிகளை முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியதாக ஃபோர்க்லிஃப்ட்காரர் பிறகு சொன்னார்.

அண்ணி வாசலுக்கு ஓடி வந்தபோது ஃபிட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே தலையை நீட்டிக் கண்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழக்கால நாலு படி ஏறிட்டேன் தெரியுமா?" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமல்.

"தெரியும்."

"ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்தான் என் காலைப் பிடிச்சு இழுத்தார். உதைக்கலாம்னு பார்த்தேன்."

அண்ணி அவளுடைய முதுகில் கை வைத்தாள். "இன்னும் கொஞ்சம் கழுவு, எரிச்சல் போகட்டும்" என்று மட்டும் சொல்லிக் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

ஃபிட்டருக்குக் கண் தப்பியது. தொண்டை தப்பவில்லை, வெகுநாள் குரல் எழாமல் வெறும் காற்றாகத்தான் பேசினார். விசாரணைக்கு எழுதிக் கொடுக்கும்போது மேனேஜர் 'சென்சார் பழுது' என்று போடப் பார்த்தார். அண்ணி சம்மதிக்கவில்லை. "சென்சார் ஒழுங்காத்தான் அனுப்புச்சு சார். வாங்க வேண்டிய என் புரோகிராம் வேற முகவரியில உக்காந்திருந்துச்சு. நானும் கிளப்பினதோட சரி, வருதான்னு சோதிக்கல. அப்படியே போடுங்க." அவர் நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு அப்படியே போட்டார். கூடவே, கேபிள் போடச் சொன்னது தான்தான் என்றும் ஒரு வரி சேர்த்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் ஃபிட்டரின் மனைவி கண்ட்ரோல் ரூமுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாத்தனார் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை. அண்ணியைப் பார்த்து, "பச்சைன்னு நீங்க காட்டினதாலதானே அந்த மனுஷன் ஏறினார்?" என்று ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் திட்டினாள். நாத்தனார் குறுக்கே வரப் பார்த்தாள். அண்ணி கையைக் காட்டித் தடுத்தாள். திட்டி முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இப்படி நடக்காதில்ல?" என்றாள்.

"இது நடக்காதும்மா. எந்த முகவரின்னு இப்ப எழுதியே வச்சிருக்கேன். எண் வராம நின்னா அந்தக் கட்டம் கறுப்பாயிடும். ஆனா வேற எதுவுமே நடக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவள் யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யுங்க. வேலைக்குத் திரும்பறேன்னு குதிச்சிட்டு இருக்கார். அவர் மேல ஏறும்போதும் சரி, இறங்கினதும் சரி, எனக்கு ஒரு போன் வரணும். மெஷின் இல்ல, மனுஷங்க யாராவது பேசணும்."

"நான் பேசறேன்க்கா," என்றாள் நாத்தனார். "நம்பரைச் சொல்லுங்க."

அவள் நம்பரைச் சொன்னாள். நாத்தனார் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, அங்கேயே ஒருமுறை அடித்தும் பார்த்தாள். வந்தவளின் பைக்குள் போன் ஒலித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்து, எதிரிலேயே நிற்பவளிடம், "கேக்குது" என்றாள்.